சிலந்தி ஆட்டிய பெண்கள்

இத்தாலியின் வரைபடம் நீண்ட சப்பாத்து ஒன்றைப் போன்றது என்று புவியியலில் படித்திருக்கிறோம். அந்தச் சப்பாத்தின் குதிதான் சலெந்தோ. அங்குள்ள ஊர்த் திருவிழாக்களில் ஆடப்படும் ஆட்டத்துக்குப் ‘பிட்சிகா’ என்று பெயர். கிள்ளுதல், கடித்தல் என்பது அதன் பொருள். ஓர் ஆட்டத்துக்கு ஏன் இப்படியொரு பெயர் என்று தேடினால் கோதுமை வயல்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் அங்கே அறுவடைக் காலம். கூலிக்கு அறுக்க வந்த பெண்களில் ஒருத்தி திடீரெனச் சோர்ந்து விழுவாள். சாப்பிடமாட்டாள், பேசமாட்டாள். ‘தரந்தா’ என்ற சிலந்தி கடித்துவிட்டது என்பார்கள். உடனே இசைக்காரரை வரவழைப்பார்கள். வீட்டுத் தரையில் வெள்ளைத் துணி விரிக்கப்படும். ஒருவர் வயலின் வாசிப்பார். இன்னொருவர் றபானைப் போலக் கையில் பிடித்து அடிக்கும், விளிம்பில் சிறு தகடுகள் கொண்ட ‘தம்புரெல்லோ’வை முழக்குவார். அவள் எந்த மெட்டுக்கு அசைகிறாள், எந்த நிற நாடாவைப் பற்றிக்கொள்கிறாள் என்று பார்ப்பார்கள். ஏனென்றால், கடித்த சிலந்திக்கும் ஒரு நிறமும் ஒரு மெட்டும் உண்டாம்! மெட்டு அகப்பட்டதும் அவள் எழுந்து மணிக்கணக்காக, சிலவேளை நாட்கணக்காக ஆடுவாள். இசைக்காரருக்குக் கூலி கொடுத்தே கடன்பட்ட ஏழைக் குடும்பங்கள் உண்டு. நார்தோ என்ற ஊரில் இந்த வயலினுக்குப் பேர்போன லுயிஜி ஸ்திஃபானி, தொழிலால் முடிவெட்டுபவர். சுகப்பட்டவர்கள் ஜூன் 29ஆந் திகதி, புனித பவுலின் திருநாளில், கலத்தீனா நகரத்துச் சிற்றாலயத்துக்குப் போய் நன்றி செலுத்துவார்கள்.

1959ஆம் ஆண்டு எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற ஆய்வாளர், உளநல வைத்தியர் ஒருவரையும் இசை ஆய்வாளர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அங்கு சென்றார். அவருக்குச் சில விடயங்கள் இடித்தன. சிலந்தி ஆண், பெண் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் ஆடியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நஞ்சு ஒருமுறை இறங்கினால் போய்விட வேண்டும். இதுவோ ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பி வந்தது. பலருக்கு முதற்கடி நிகழ்ந்தது பருவமடையும் வயதை அண்டி. நார்தோப் பெண்ணொருத்தி தன் 18ஆவது வயதில் ஓர் இளைஞனை விரும்பினாள். அவள் ஏழை என்று அவன் வீட்டார் மறுத்தார்கள். அதன் பின்னர்தான் அவளைச் சிலந்தி கடித்தது.

உண்மையிலேயே கடிபட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரம் என்றே அவர் கண்டார். 1961இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பில் ‘ரிமோர்சோ’ என்ற சொல் வருகிறது. மனவருத்தம் என்பது அதன் பொருள். பிரித்தால் ‘மறுபடியும் கடித்தல்’. அந்தப் பெண்கள் நடித்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறெந்த நாளில், எந்த இடத்தில் அவர்களைச் சுற்றி ஊரே அமர்ந்து கவனித்திருக்கும்?

இப்போது அந்த வழக்கம் இல்லை. 1998 முதல் ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதம் மெல்பின்யானோ என்ற சிற்றூரில் பிட்சிகாவுக்குப் பெரிய இசைவிழா நடக்கிறது. நீண்ட பாவாடையும் சிவப்புச் சால்வையுமாகப் பெண்கள் மேடையில் ஆடுகிறார்கள். அழகுதான். ஆனால் ஒருகாலத்தில் வீட்டார் வெட்கப்பட்டு மறைத்ததைத்தான் இன்று சுவரொட்டியில் அச்சிடுகிறார்கள்.

போட்டி என்று வரும்போது, சலெந்தோவில் அது ஆண்களுடையது. ஓகஸ்ட் 15ஆந் திகதி இரவு தொர்ரெபதூலி ஊரில் கைவிரல்களையே கத்தியாக நீட்டி, தம்புரெல்லோ அடிக்கு ஆடுவார்கள். பெண்களின் போட்டியைக் காண வடக்கே வெனிஸ் நகருக்குப் போக வேண்டும். 1493இல் மிலானிலிருந்து வந்த பெயாத்ரிச்சே தெஸ்தே என்ற சீமாட்டியை வரவேற்க, நாட்டுப்புறப் பெண்கள் அங்கே படகோட்டப் போட்டியில் இறங்கினார்கள். இன்றும் செப்டெம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று, ‘மஸ்கரேத்தா’ என்ற ஒடுங்கிய படகில் படகுக்கு இருவராகப் பெண்கள் பெருங்கால்வாயில் போட்டியிடுகிறார்கள். உட்கார்ந்து பின்னோக்கி அல்ல. எழுந்து நின்று, போகும் திசையைப் பார்த்தே துடுப்பு வலிக்கிறார்கள்.