கண்ணகை அம்மனும் கைம்பெண்களும்

வைகாசி பிறந்துவிட்டால் அம்பாறைக் கரையோரத் தமிழ்க் கிராமங்கள் களைகட்டிவிடும். காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு போன்ற ஊர்களில் கண்ணகை அம்மன் ஆலயங்களில் திருக்குளிர்த்திச் சடங்கு நடைபெறும். நான் பணிபுரியும் இறக்காமம் முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசம். சுற்றுக் கிராமங்களில் கணவரை இழந்த தமிழ், முஸ்லிம் பெண்கள் பலருடன் பழகுவதால், இச்சடங்கு என்னைச் சிந்திக்க வைத்தது.

மதுரையை எரித்த கண்ணகியின் கோபத்தைத் தணிப்பதே குளிர்த்தியின் கருத்தாகும். வெயில் கொளுத்தும் காலம் அது. மரக்கிளையொன்றை வெட்டி வந்து, பட்டுடுத்தி, ‘கலியாணக்கால்’ நடுவர். ‘கண்ணகி வழக்குரை’ காவியம் படிக்கப்படும். இறுதியில் பொங்கலிட்டு, குளிர்த்திப் பாடல் பாடி, வேப்பிலையும் நீரும் கொண்டு அம்மனைக் குளிரச் செய்வர்.

மழை பெய்ய, வயல் விளைய, அம்மை நோய் நீங்க இத்தாயையே மக்கள் நம்பினர். பிள்ளை வரம் வேண்டி நேர்த்தி வைப்போர் உண்டு. பிள்ளையை அம்மனுக்கு ‘விற்று’, காணிக்கை செலுத்தித் திரும்ப ‘வாங்கும்’ வழக்கமும் உண்டு. வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிந்து கொம்புகளைப் பிணைத்து இழுக்கும் ‘கொம்புமுறி’ விளையாட்டும் வளம் வேண்டிச் செய்யப்பட்டதே. சிங்கள மக்கள் இதே தெய்வத்தைப் பத்தினி என வணங்கி ‘அங்கெலிய’ என்ற பெயரில் இதை ஆடினர். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட தமது நூலில் பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்ணகி யார்? அரசின் தவறான தீர்ப்பினால் கணவனைப் பறிகொடுத்து, சபையேறி நீதி கேட்ட ஒரு கைம்பெண். மழையையும் மகப்பேற்றையும் அவளிடம் கேட்கும் நாம், எம்மிடையே வாழும் கைம்பெண்ணை எங்கே நிறுத்தியிருக்கிறோம்?

கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 போர் விதவைகள் இருப்பதாக 2010இல் அன்றைய பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லாஹ் தெரிவித்தார். அவர்களைப் போன்ற ஒரு அம்மாவை நான் அறிவேன். அவரது கணவர் 1990இல் கூட்டிச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. பேத்தியின் சாமத்தியச் சடங்கன்று விடியற்காலை முதல் சமையல் முழுவதும் அவர் கையால்தான் நடந்தது. ஆராத்தி எடுக்கும் நேரம் வந்ததும் குசினிக் கதவோரம் ஒதுங்கிவிட்டார். அது அவரே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு! அதே அம்மா குளிர்த்திக்கு மடிப்பிச்சை எடுத்துப் பொங்கல் வைத்தபோது எவரும் அபசகுனம் என்று சொல்லவில்லை.

முஸ்லிம் சகோதரிகளுக்கு இத்தா 4 மாதமும் 10 நாட்களும். அதன் பின் மறுமணத்துக்கு மார்க்கம் அனுமதிக்கிறது. ஆயினும் ஊர்வாய்க்குப் பயந்து வீட்டினுள் முடங்குவோரை நான் சந்தித்திருக்கிறேன். இக்கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இருசாராருமே குடியைத் தாய்வழியாகக் கணக்கிடுபவர்கள். தாயால் குடி தழைக்கும் மண்ணில், கணவர் இறந்ததும் அத்தாய் எப்படி ஆகாதவளாவாள்?

சகோதரிகளே, மாற்றத்துக்குச் சட்டமோ நிதியோ தேவையில்லை. உங்கள் வீட்டின் அடுத்த நல்ல காரியத்தில் ஆராத்தித் தட்டை முதலில் அவரது கையில் கொடுங்கள். அவர் பின்வாங்கினால், கையைப் பிடித்து முன்னே அழைத்து வாருங்கள்.