இயன்முறை மருத்துவம்: போரில் வளர்ந்த படிப்பு



நம்ம ஊர் ஔஷதகிரி மலைக்கு 74 படிகள். பரீட்சை வந்தால் ஹயக்ரீவரைக் கும்பிட நாம் எல்லாரும் ஓடி ஏறுவோம். அந்தப் படிகள் ஒருத்தருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

என் சித்தப்பா ராணுவத்தில் 17 வருடம் இருந்தவர். போன ஆடி மாதம் வண்டியிலிருந்து விழுந்து, முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். தீபாவளிக்குள் எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் மடங்கவில்லை. வலிக்குது என்று தலையணை மேல் நீட்டியே வைத்திருந்தார்.

தீபாவளிக்கு என் பெரியம்மா மகள் வந்தாங்க. சென்னையில் பி.பி.டி. மூன்றாம் வருடம் படிக்கிறாங்க. அதுதான் பிசியோதெரபி. தமிழில் இயன்முறை மருத்துவம். "மசாஜ் பண்ணக் கத்துக்க நாலரை வருஷமா?" என்று வீட்டில் சிரித்தார்கள். அக்கா கோபப்படாமல் தன் படிப்பைப் பற்றிச் சொன்னாங்க.

முதல் வருடம் பாதி நாள் உடற்கூறு அறையில்தான். யாரோ தானம் செய்த உடலை வைத்து 206 எலும்புகளையும், எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் படிக்கணும். அப்புறம் காலையில் வகுப்பு, பிறகு வெள்ளைக் கோட்டு போட்டு வார்டு. பக்கவாதம் வந்த தாத்தாவை உட்கார வைக்கணும், ஆபரேஷன் ஆனவரை நடக்க வைக்கணும். ராத்திரி விடுதியில் ஒருத்தர் காலை ஒருத்தர் பிடித்துப் பரீட்சைக்குப் பழகுவார்களாம்.

இந்தப் படிப்பு அமெரிக்காவில் வளர்ந்ததற்குக் காரணம் முதல் உலகப்போர். காயம்பட்ட சிப்பாய்களை மறுபடி நடக்க வைக்க ஆள் தேவைப்பட்டது. 1918-ல் மேரி மெக்மில்லன் என்ற பெண்மணி அந்த வேலைக்குப் பல பெண்களைப் பயிற்றுவித்தார். இன்றும் அமெரிக்க ராணுவம் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பேய்லர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, பட்டம் முடித்தவர்களுக்கு இதில் டாக்டர் பட்டப் படிப்பு நடத்துகிறது. அங்கே மாணவர்களும் ராணுவ அதிகாரிகள்தான், சம்பளமும் உண்டு. நம் நாட்டில் காயம்பட்ட வீரர்களுக்காக 1944-லேயே புனேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கினார்கள்.

இதைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா உடனே கோணம் அளக்கும் கருவியை எடுத்து அவர் முழங்காலை அளந்தாங்க. கால் நேராக இருந்தால் 0 டிகிரி. சித்தப்பாவுக்கு 60 டிகிரிதான் மடங்கியது. சமதரையில் நடக்கச் சுமார் 60 முதல் 65 டிகிரி போதும். படி ஏற 90 டிகிரி போல வேண்டும். குந்தி உட்கார 120-க்கும் மேலே வேண்டும். அதனால்தான் அவர் வீட்டுக்குள் நடந்தார், வாசல்படியில் தடுமாறினார்.

தசைக்கும் மார்க் உண்டு. அசைவே இல்லை என்றால் 0. லேசாகத் துடித்தால் 1. படுக்கை மேல் பக்கவாட்டில் நகர்த்த முடிந்தால் 2. மேலே தூக்க முடிந்தால் 3. நாம் கொஞ்சம் அழுத்தியும் தாங்கினால் 4. முழு பலம் 5. சித்தப்பாவுக்கு 3. ஆட்டாமல் வைத்த தசை இளைத்துப் போகும், மூட்டும் இறுகிவிடும் என்று அக்கா சொன்னாங்க.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அக்கா அட்டவணை எழுதினாங்க. காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 8. "இது பரேடு டைம் மாதிரி இருக்கே பாப்பா" என்றார் சித்தப்பா. "ஆமா சித்தப்பா, லீவு கிடையாது" என்றாங்க அக்கா. எண்ணிக்கை சொல்வது என் வேலை.

ஒரு நாள் வலி தாங்காமல் "போடி, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று கத்திவிட்டார். நான் அழுதுவிட்டேன். மறுநாள் காலை 6 மணிக்கு அவரே திண்ணையில் உட்கார்ந்து, "எண்ணு" என்றார்.

அக்கா ஊருக்குப் போன பிறகு என் ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியோடு இரண்டு ஸ்கேலைச் சேர்த்து நானே அளந்தேன். ஸ்கேல்களுக்கு நடுவில் வரும் கோணத்தை 180-லிருந்து கழித்தால் மடங்கிய அளவு. பொங்கலுக்கு அக்கா வந்து அளந்தபோது 85. மாசியில் நான் அளந்தபோது 95.

முரளிகாந்த் பேட்கர் என்ற ராணுவ வீரர் 1965 போரில் குண்டடி பட்டுக் கால்கள் செயலிழந்தார். சிகிச்சைக்காக நீச்சல் பழகிய அவர், 1972-ல் ஜெர்மனியில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான்! சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். பதில் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூப்பிட்டார்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து 41 படி ஏறினார். அதோடு உட்கார்ந்துவிட்டார். "மீதி 33 கடன் இருக்கு" என்றார். இப்போது வீட்டில் யாரும் மசாஜ் படிப்பு என்று சொல்வதில்லை.

தோழிகளே, இந்தப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். சேர்க்கை விதிகளும் வருடக் கணக்கும் மாறி வருவதால், சேரும்போது விசாரித்துச் சேருங்கள். நானும் இதைத்தான் படிக்கப் போகிறேன். உங்கள் வீட்டில் யாராவது கை காலை ஆட்டாமல் படுத்திருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி