சட்டத்தின் இரு முகங்கள் – 9: ஜாமீனுக்கு ஒரு விலை

ஏழைக்கு ஒரு பிரிவு, பணக்காரருக்கு ஒரு பிரிவு என்று சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே பாரபட்சம் என்றதும் தீர்ப்புகளைத்தான் புரட்டுகிறோம். இவருக்கு ஏழாண்டு, அவருக்கு விடுதலை என்று ஒப்பிடுகிறோம். ஆனால் பாகுபாட்டின் பெரும்பகுதி தீர்ப்புக்கு வெகுமுன்பே, ஜாமீன் மனு விசாரிக்கப்படும் அந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தறிவில்லாதவர்கள் அல்லது பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள்.

இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. தொகையை முடிவு செய்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான், நீதிபதி கிருஷ்ணய்யரின் உத்தரவால், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவர் வெளியே வர முடிந்தது. மோதிராம் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். ஆறாண்டு கழித்து, அதே மாநிலத்தின் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1984 டிசம்பர் 7 அன்று கைதான யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் அன்றே 25,000 ரூபாய் பிணையில் விடுதலையாகி, மாநில அரசின் விமானத்தில் டெல்லிக்கு அனுப்பப்பட்டார். 2010இல் அந்த வழக்கில் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுத் தண்டனை கிடைத்தபோதும் 25,000 ரூபாய்ப் பிணையில் அன்றைக்கே வீடு திரும்பினார்கள். குற்றத்தின் கனமும் இந்தத் தொகைகளைத் தீர்மானிக்கவில்லை, கட்டுகிறவரின் வசதியும் தீர்மானிக்கவில்லை.

‘ஜாமீன்தாரர் கேட்காமல் விட்டால் ஓடிப்போவார்கள், பிறகு வழக்கை யார்மேல் நடத்துவது?’ என்பது நியாயமான கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்கு வந்தாக வேண்டும், அதற்குத்தான் ஜாமீனே. ஆனால் உண்மையில் ஓடிப்போனவர்கள் யார்? ஆண்டர்சன் திரும்பி வரவேயில்லை. 2014இல் அமெரிக்காவிலேயே இறந்தார். வங்கிகளுக்குப் பல்லாயிரம் கோடி பாக்கி வைத்த விஜய் மல்லையா 2016 மார்ச்சில் விமானம் ஏறினார். நீரவ் மோடி 2018 ஜனவரியில் போனார். நாடு தாண்ட பாஸ்போர்ட்டும் வெளிநாட்டில் வீடும் வேண்டும். தினக்கூலிக்கு அவை இல்லை. அவரை அவருடைய குடும்பமும் ஊருமே கட்டிப்போட்டிருக்கின்றன. சட்டத்துக்கும் இது தெரியும். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவர் என்று கொண்டு சொந்தப் பிணையில் விடவேண்டும் என 2005இல் திருத்தமே வந்தது. இருந்தும் சொத்துச் சான்றோடு இரண்டு பேர் என்பதே வழக்கமான நிபந்தனையாக நீடிக்கிறது. ஜாமீன் கிடைத்தும் வெளியேற முடியாமல் சுமார் 5,000 பேர் இருப்பதாக 2023 வாக்கில் சட்டப்பணிகள் ஆணையமே உச்ச நீதிமன்றத்திடம் சொன்னது.

‘பெரிய மனிதர்களும்தான் சிறைக்குப் போகிறார்கள்’ என்பது அடுத்த மறுப்பு. போகிறார்கள், ஆனால் காலம் அவர்களிடம் நடந்துகொள்கிற விதமே வேறு. ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு 1996இல் தொடங்கியது. தண்டனை வந்தது 2014 செப்டம்பரில். அதன்பின் மூன்று வாரத்தில் ஜாமீன், எட்டு மாதத்துக்குள் மேல்முறையீட்டில் விடுதலை. அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 2017 பிப்ரவரியில் அவர் உயிரோடு இல்லை. மேல்முறையீடு சீக்கிரம் முடிந்ததில் தவறில்லை. எல்லோருக்கும் அப்படி முடிய வேண்டும். ஆனால் தாமதம் உதவும்போது பதினெட்டு ஆண்டுகளும், வேகம் உதவும்போது எட்டு மாதமும் வாய்ப்பது செல்வாக்கு உள்ளவர்களுக்குத்தான். மாறாக, 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொணர்ந்த பீகார் கைதிகளில் சிலர், தங்கள்மீதான குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணையே இன்றி அடைபட்டுக் கிடந்தவர்கள். அவர்களுக்குத் தாமதமே தண்டனை.

நீதிமன்றங்களை மட்டும் குறை சொல்லி நாம் நழுவ முடியாது. அமைச்சர் கைதானால் ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்கிறோம். செல்போன் திருடியதாகப் பிடிபட்டவன் என்றால் ‘உள்ளேயே கிடக்கட்டும்’ என்கிறோம். இப்போது ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்குப் பண உதவி கொடுக்க மத்திய அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கட்ட முடியாத தொகையை ஒரு கை விதிக்க, அதை இன்னொரு கை கட்டும் ஏற்பாடு இது. உன் வருமானம் என்ன, உன் குடும்பம் எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை முதல் நாளே கேட்டுவிட்டுத் தொகையை முடிவு செய்தால், அந்தத் திட்டத்துக்கே பெரிதாக வேலை இருக்காது.

(அடுத்த வாரம்: அபராதம்)