தோளுக்கேற்ற தோட்டா

துப்பாக்கிக்குத் தோட்டா தெரிந்தெடுப்பவர் பெரும்பாலும் எதிரே நிற்கும் விலங்கையே நினைக்கின்றனர். விலங்கு பெரிதாயின் தோட்டாவும் பெரிதாதல் வேண்டும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கில் விடுபட்டுப்போகும் உறுப்பு ஒன்றுண்டு; அது சுடுபவரின் தோள். ரைபிள் தோட்டாவைத் தெரிவதில் தோளுக்கே முதலிடம் தருதல் ஏன் முறை என்பதை இன்று விளக்க முற்படுகிறேன்.

தோணியிலிருந்து கரைக்குத் தாவுபவர் தம்மையறியாமலே தோணியைப் பின்னே தள்ளிவிடுகிறார். எங்கள் பெரியகல்லாற்று வாவிக் கரையில் சிறுவரும் அறிந்த செய்தி இது. நியூற்றன் விதியாக வகுத்ததும் இதுவே. குண்டு முன்னே பாயும்பொழுது துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. குண்டின் நிறையும் வேகமும் கூடக்கூட உதைப்புக் கூடும். எரியும் மருந்தின் ஆவியும் தன் பங்கைச் சேர்க்கும். துப்பாக்கியின் பாரம் கூடினால் உதைப்புத் தணியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்தார் அமைத்து, 1893இல் ஸ்பானியப் படை ஏற்றுக்கொண்ட 7 மில்லிமீற்றர் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 11 கிராம். அது விநாடிக்கு 700 மீற்றர் வேகத்திற் செல்லும். 4 கிலோ நிறையுள்ள ரைபிள் அதனால் விநாடிக்கு 3 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் தோளைத் தள்ளும். தென்னிந்தியக் காடுகளில் வேட்டையாடிய கெனத் அண்டர்சன் கையாண்ட .405 வின்செஸ்ரர் தோட்டாவின் குண்டோ 19 கிராமுக்கு மேற்பட்டது. அதன் உதைப்பின் சக்தி முன்னதைப்போல் இரு மடங்கிற்கும் மேலாகும்.

பழங்காலத்தவர் பெருங்குண்டை நாடியதில் நியாயம் இருந்தது. கரும்புகை மருந்து குண்டுக்கு மிகுந்த வேகம் தரவல்லதன்று. ஆகவே வலிமையை நிறையிலே தேடினர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, நம் தீவெங்கும் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் ஒரு ரைபிள் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குண்டு 3 அவுன்ஸ். மருந்து ஒரு அவுன்ஸ். அப்பெரும் பாரம் இல்லையேல் சுட்டவர் தோளெலும்பு என்னவாகியிருக்குமோ! 1886இல் பிரான்சியப் படை புகையற்ற மருந்தை ரைபிளில் ஏற்றது. அதன்பின் மெல்லிய நீண்ட குண்டே விரைந்தோடி ஆழத் துளைக்கலாயிற்று. பேக்கர் காலத்துக் காரணம் அன்றே மறைந்தது. பெருங்குண்டின்மேலுள்ள மோகந்தான் மறையவில்லை.

உதைப்பினால் குறி தவறுவது எவ்வாறு? குண்டு குழலைக் கடக்க ஏறத்தாழ ஆயிரத்திலொரு விநாடியே செல்லும். தோள் நோவை உணருமுன் குண்டு போய்விடுகிறது. ஆகவே உணர்ந்த உதைப்பு அந்தச் சூட்டைக் கெடுப்பதில்லை. அடுத்த சூட்டையே கெடுக்கின்றது. நோவை எதிர்பார்த்துக் கண் மூடும், தோள் சுருங்கும், விசையை மெல்ல அழுத்தவேண்டிய விரல் வெடுக்கென இழுக்கும். இதனைச் சுடுபவர் தாமாக அறியார். பயிற்றுநர் அவருக்குத் தெரியாமல் மருந்தற்ற பயிற்சித் தோட்டா ஒன்றை இடையே வைப்பர். வெடியும் இல்லை, உதைப்பும் இல்லை. எனினும் குழலின் முனை சட்டெனத் தாழும். அச்சம் அப்பொழுது வெளிப்பட்டுவிடும்.

காட்டில் இத்தவற்றின் விலை பெரிது. இந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியில் 436 பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட சம்பாவத்துப் பெண்புலியை 1907இல் ஜிம் கோர்பெற் வீழ்த்தினார். அதன் வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் முன்னொருவர் சுட்ட குண்டினால் முறிந்திருந்தன. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதாலேயே அது மனிதரை நாடியது என்பது கோர்பெற்றின் முடிவு. அவ்வருஞ்செயலுக்கு ஐக்கிய மாகாண ஆளுநர் ஹியூவெற் அவருக்குப் பரிசளித்தது பெரும்பீரங்கி போன்ற துப்பாக்கி அன்று. மேற்சொன்ன 7 மில்லிமீற்றர் தோட்டாவையே .275 என்னும் பெயரில் ஏற்ற, ரிக்பி நிறுவனத்தாரின் இலேசான ரைபிளே அது. 1926இல் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தை அந்த ரைபிளுக்கே வீழ்ந்தது.

ஆபிரிக்காவில் பெல் என்னும் வேட்டைக்காரர் இதே தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். அதனை முன்மாதிரியாகக் கொள்ளல் ஆகாது. யானையின் மண்டையோட்டை அறுத்து மூளையிருக்கும் இடத்தை ஆராய்ந்தவர் அவர். மற்றவர்க்கு அத்துணிவு உயிர்க்கேடாகும்.

பொழுதுபோக்குக்காக வேட்டையாடிய காலம் கழிந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளியிட்டது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டுயிரைக் காக்கின்றன. இலக்குச் சுடுதலோ வளர்ந்தே வருகின்றது. ஒலிம்பிக்கில் 50 மீற்றர் இலக்கின் நடுவட்டம் 10.4 மில்லிமீற்றர் அகலமே. அங்கே ஆளுவது .22 தோட்டா, அதன் குண்டு 2.6 கிராம், உதைப்போ பெயரளவுக்குத்தான். 2024இன் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றது இத்தோட்டாவினாலேயே. புதிதாகப் பழகுவோர் இதிலே தொடங்குதல் நன்று. முந்நூறு மீற்றரை நாடும்பொழுது 6 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு மாறலாம்.

படுவான்கரை வட்டைகளில் பன்றிக்குக் காவலிருப்போர் கையில் இருப்பது ரைபிள் அன்று, சிதறுகுண்டுத் துவக்கு. அதன் உதைப்பு 7 மில்லிமீற்றர் ரைபிளைக் காட்டிலும் கடியது என்பதைப் பலர் நம்பார். 3 கிலோ துவக்கு 32 கிராம் சிறுகுண்டுகளைத் தள்ளுகிறதன்றோ! பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஒலிம்பிக் வீரர்க்கோ 24 கிராமே விதி. உரிமப் பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்போர் அடிக்கட்டையின் நீளம் தம் கைக்குப் பொருந்துகின்றதா என்று பார்த்தல் வேண்டும். கட்டை நீண்டிருந்தால் கையிற்பட்டு நழுவும். குறுகியிருந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். தோட்குழியில் இறுகப் பதிந்த கட்டை தள்ளும். தளர்ந்து நிற்கும் கட்டை அடிக்கும். கட்டையின் முனையில் ஒரு றப்பர் மெத்தை பொருத்துவதும் நோவைப் பெரிதும் தணிக்கும்.