"அண்ணா, இவன் ஏழரை"

போன மாதம் ஆஃபீஸ் சார்பில் ஒரு காலேஜுக்கு கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கப் போயிருந்தேன். லஞ்ச் பிரேக்கில், எங்களுக்கு உதவிக்கு விட்டிருந்த பையன் கேண்டிடேட் லிஸ்டைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணா, இவன் ஏழரை." சனிப்பெயர்ச்சி விஷயம்னு நினைச்சுட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவன் சொன்னது 7.5% இடஒதுக்கீடு.

2021-ல் வந்த சட்டம் அது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5% இடம். 69 சதவீதத்தின் மேல் இதையும் கூட்டி 76.5% ஆகிடுச்சேன்னு சிலர் கணக்கு போடுவாங்க. அப்படி இல்லை. பொதுப் பிரிவு, பிசி, எம்பிசி, எஸ்சி என்று ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயே இந்த இடங்களைப் பிரிக்கிறார்கள். டியூஷன், ஹாஸ்டல் கட்டணத்தை அரசே கட்டுகிறது. உள்ளே வந்தபிறகு செமஸ்டர் பேப்பர் எல்லாருக்கும் ஒன்றுதான், பாஸ் மார்க்கும் ஒன்றுதான்.

இப்போ என் கதை. நான் மேனேஜ்மென்ட் கோட்டா. தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 35% இடங்கள் அப்படித்தான் நிரம்புகின்றன. சிறுபான்மைக் கல்லூரிகளில் அது 50%. கவுன்சலிங் ரேங்க் தேவையில்லை, குறைந்தபட்ச மார்க்கும் பணமும் போதும். நாலு வருஷத்தில் ஒருத்தர்கூட என் கட்-ஆஃப் கேட்டதில்லை. யாரும் என்னை "முப்பத்தஞ்சு"ன்னு கூப்பிட்டதும் இல்லை. இந்த வேலைகூட ஹாஸ்டல் சீனியர் ரெஃபர் பண்ணி வந்ததுதான். அவருக்கு அதில் போனஸ் வேறு!

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆஃபர் குறையும் வருஷத்தில், நம்ம இடத்தை எவனோ எடுத்துட்டான்னு நினைப்பது சுலபம். பெண்களுக்கு மட்டும் டிரைவ் நடந்தாலும் இதே முணுமுணுப்புதான்.

மதியம் அந்த "ஏழரை" வந்தான். டெட்லாக் பற்றிக் கேட்டேன். இங்கிலீஷில் இரண்டு வாக்கியத்தில் திக்கி நின்றுவிட்டான். "தமிழ்ல சொல்லுப்பா" என்றேன். ஒத்தையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்து நிற்கும் இரண்டு மாட்டுவண்டியை வைத்து விளக்கினான். யாரை முதலில் பின்வாங்க வைப்பது என்ற கேள்விக்கும் தானாகவே பதில் சொன்னான். அன்றைக்கு நான் கேட்டதிலேயே தெளிவான பதில் அது.

ஆனால் எங்கள் ஃபார்மில் 'கம்யூனிகேஷன்' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு அர்த்தம் இங்கிலீஷ். சட்டம் சீட்டும் ஃபீஸும் கொடுத்தது; தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷுக்குத் தாண்டுவதை அவன் தலையிலேயே விட்டுவிட்டது. அந்தக் கட்டத்தில் நான் ஐந்துக்கு இரண்டு போட்டேன். மூன்றுக்குக் கீழே போனால் அடுத்த ரவுண்டு கிடையாது. அது தெரிஞ்சேதான் போட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே எச்ஆருக்கு மெயில் அனுப்பினேன், அவனுக்கு இன்னொரு ரவுண்டு வைக்கச் சொல்லி. இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்ற வரைக்கும் பதில் வரலை.