அவளுடைய சம்பளம் எங்கே போயிற்று?

நான் எம்.ஏ. தமிழ் படித்தது அக்காவின் சம்பளத்தில். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் அவள் கையில் தினமும் ஒரு காதல் நாவல் இருக்கும். வாடகை நூலகத்துச் சரக்கு. பணக்காரன் ஒருவன், அவனுடைய கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் பெண் ஒருத்தி. முதலில் மோதல், முடிவில் கல்யாணம். "இந்தக் குப்பையை எப்படிக்கா படிக்கிறே?" என்று 2009இல் ஒருநாள் கேட்டேன். கிராம்சியை அரைகுறையாகப் படித்திருந்த திமிர். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா சொன்னாள்: "இதுலே அவ மனசுலே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க அவனுக்கு ஒரு தவிப்பு இருக்குடா. நம்ம வீட்லே யாருக்கு இருக்கு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவ்வகைப் பிரதிகளைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டே வாக்கியம்: இது வணிகம், இது பொய்மை. இரண்டும் சரிதான். ஆனால் அந்தப் பொய் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? நான் ஒரேயொரு சாமானைத் தேடிப் பார்க்கிறேன் – கதாநாயகியின் சம்பளம்.

இக்கதை வகையின் மூதாதை சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847). ஜேன் ஒரு பணக்கார வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தருபவள். ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பளம். வீட்டுக்காரன் ரோச்செஸ்டர், ஜமைக்காவில் பெண்ணெடுத்து 30,000 பவுண்டு சீதனம் வாங்கியவன். அந்த மனைவியை மாடியறையில் பூட்டி வைத்திருக்கிறான். இது ஜேனுக்குத் தெரியாது. கல்யாணம் நிச்சயமானதும் அவன் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறான். அவளோ, நான் டீச்சராகவே இருக்கிறேன், அந்த 30 பவுண்டில் என் உடுப்பை நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். காதலனிடம் காதலி கூலி கேட்கிறாள்! அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது. அது அவளுடையதாகச் சட்டம் வந்தது 1870இல்தான். கடைசியில் சித்தப்பன் சொத்து 20,000 பவுண்டு வந்து சேர, அதை நாலாகப் பங்கிட்டு ஒரு பங்கை வைத்துக்கொண்ட பிறகே ஜேன் அவனிடம் திரும்புகிறாள். அதற்குள் மாடியறைப் பெண் செத்தாக வேண்டியிருக்கிறது என்பது இந்த நாவலின் தீராத கறை. 1966இல் ஜீன் ரீஸ் அந்தப் பெண்ணுக்காகவே ஒரு நாவல் எழுதினார். ஆனாலும் காதலுக்கு நடுவே சம்பளக் கணக்கை எழுப்பும் துணிச்சல் பிராண்டியிடம் இருந்தது.

பிறகு வந்த தொழிற்சாலை அந்தக் கணக்கைத்தான் முதலில் அழித்தது. 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன், 1930களில் வாடகை நூலகங்களை நம்பிக் காதல் நாவலுக்கு மாறியது. 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் அதை வாங்கியது. நர்சும் காரியதரிசியுமாக இருந்த கதாநாயகிகள் மெல்ல மெல்ல வக்கீலாகவும் டாக்டராகவும் ஆனார்கள். முன்னேற்றம்தானே என்று தோன்றும். ஆனால் அவள் ஒரு படி ஏறினால் அவன் ஒன்பது படி ஏறிவிடுகிறான்: எஸ்டேட்காரன் கப்பல் முதலாளியாகிறான், கப்பல் முதலாளி கோடீசுவரனாகிறான். இடைவெளி அப்படியே காப்பாற்றப்படுகிறது. அவளுடைய வேலை அவனைச் சந்திப்பதற்கான நுழைவுச்சீட்டு. உள்ளே போனதும் கிழித்துவிடலாம்.

2011இல் வெளிவரத் தொடங்கிய இ.எல். ஜேம்ஸின் 'ஃபிப்டி ஷேட்ஸ்' வரிசையில் இது உச்சத்துக்குப் போகிறது. அனஸ்டேசியா ஒரு பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். காதலன் கிறிஸ்டியன் கிரே என்ன செய்கிறான்? அந்தப் பதிப்பகத்தையே வாங்கிவிடுகிறான். ஜேன் தன் கூலியைக் கொண்டு நிற்கப் பார்த்தாள். இங்கே அவள் நிற்கும் தரையே அவனுடையதாகிறது. இன்னொன்றும் பாருங்கள். அங்கே அவளுடைய மேலதிகாரி அவளிடம் அத்துமீறுகிறான்; அவள் எதிர்த்து அடித்துத் தப்பிக்கிறாள்; காதலன் அவனை வேலையைவிட்டுத் தூக்குகிறான். சின்ன அதிகாரி செய்தால் அத்துமீறல். பெரிய முதலாளி அவள் போக்குவரத்தையும் போனையும் கண்காணித்தால் அக்கறை! நம் நாட்டில் 1997இல் விசாகா தீர்ப்பும், 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டமும் வந்தன; பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும் என்கிறது சட்டம். காதல் பிரதியில் புகார்க் குழுவுக்கு இடமில்லை. அங்கே நீதிபதியும் முதலாளியும் காதலனும் ஒரே ஆள்.

அப்படியானால் இதைப் படிக்கும் பெண்கள் ஏமாளிகளா? அமெரிக்க ஆய்வாளர் ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலுக்காக, காதல் நாவல் வாசகிகளிடமே போய்க் கேட்டார். கதை என்ன சொல்கிறது என்பதைவிட, படிப்பது என்கிற செயல் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. புருஷன், பிள்ளை, அடுப்பு எல்லாவற்றிடமும் 'இப்போது என்னைக் கூப்பிடாதே' என்று சொல்ல அந்தப் புத்தகம் ஒரு தடுப்பு. எல்லாரையும் பராமரிக்கும் தன்னைப் பராமரிக்க ஒருவன் என்கிற ஏக்கம் அதற்குள் இருந்தது. ராட்வே இன்னொன்றும் சொல்கிறார்: அந்த ஏக்கத்தைக் கதையிலேயே தீர்த்துவிடுவதால், வீட்டில் எதுவும் மாறாமல் போகலாம். அக்கா ரயிலில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவள் கேட்டது கோடீசுவரனை அல்ல. தன்னைக் கேட்கும் ஒரு காதை. அந்தக் காதைக் கோடீசுவரனிடம் மட்டுமே வைத்து விற்பதுதான் இப்பிரதிகளின் அரசியல்.

2010இல் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. "பொண்ணு வேலைக்குப் போகணும்னு அவசியமில்லே, எங்களுக்கு வசதி இருக்கு" என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் அதைப் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டோம். நாவல்களைக் குப்பை என்ற நானும்தான். அக்கா ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி மாதச் சம்பளத்தில் என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வேலையை விட்டாள்.

கோடீசுவரன் பதிப்பகத்தை விலைக்கு வாங்கித்தான் செய்ய முடிந்ததை, நாங்கள் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தே முடித்துவிட்டோம். காதல் நாவலைக் கட்டுடைக்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கட்டுடைத்தால் நல்லது. எதிர்ப்பிரதி வேண்டும் என்கிறோம், எழுதுவோம். அதில் காதல் இருக்கட்டும், வசதிகூட இருந்துவிட்டுப் போகட்டும். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆளும் இருக்கட்டும். கூடவே மாதம் முதல் தேதி அவள் சம்பளம் அவள் கைக்கு வந்ததா என்கிற வரியும் இருக்க வேண்டும்.