ஜெபல்: பெயரைக் காத்த மக்களின் 47 ஊர்கள்

பல்கேரியா என்றதும் அங்கே முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுவதில்லை. ஆனால் அந்நாட்டின் தெற்கே, கிரீஸ் எல்லைக்கு அருகிலுள்ள கிழக்கு ரோடோப் மலைப்பகுதியில் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் உஸ்மானியர் காலம் தொட்டே வாழ்ந்து வருகின்றனர். அப்பகுதியில் கர்ஜலி மாகாணத்தைச் சேர்ந்த நகராட்சிகளில் ஒன்றுதான் ஜெபல். மலையைக் குறிக்கும் 'ஜபல்' என்ற அரபுச் சொல்லே துருக்கி மொழி வழியாக இப்பெயரானது.

பல்கேரியாவில் நகராட்சி என்பது ஒரு நகரம் மட்டுமல்ல. சுற்றியுள்ள கிராமங்களும் அதில் அடங்கும், நம்மூர் ஒன்றியத்தைப் போல. ஜெபல் நகராட்சியில் ஒரு நகரமும் 46 கிராமங்களுமாக மொத்தம் 47 ஊர்கள் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் 3,000 பேர் வரை ஜெபல் நகரத்தில் இருந்தனர். மீதமுள்ளவர்களை 46 கிராமங்களுக்கும் பகிர்ந்து பார்த்தால் ஓர் ஊருக்குச் சராசரியாக நூறு பேருக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். மக்களில் மிகப் பெரும்பாலோர் துருக்கியர். 'ஜெபல் பஸ்மா' என்ற நறுமணப் புகையிலை இவ்வட்டாரத்தின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டு சென்றது.

ஊர்ப்பட்டியலைப் படித்தால் ஒரு வியப்பு. தியுதியுன்ச்சே, பாப்ரத், ஸ்லன்சொக்லெட் என எல்லாம் பல்கேரியச் சொற்கள். அவற்றுக்கு முறையே புகையிலை, பெரணிச் செடி, சூரியகாந்தி என்ற பொருள் தொனிக்கும். மக்கள் துருக்கியராக இருக்க, ஊர்ப்பெயர்கள் ஏன் இப்படி? பல்கேரிய அரசு 1934இல் நாடெங்கும் துருக்கிய ஊர்ப்பெயர்களைப் பெருமளவில் மாற்றியதுதான் காரணம்.

அரை நூற்றாண்டு கழித்து மனிதர்களின் பெயருக்கே ஆபத்து வந்தது. 1984 டிசம்பரில் தோதோர் ஷிவ்கோவின் கம்யூனிச அரசு துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றத் தொடங்கியது. கிராமங்களைக் காவலர்களும் படையினரும் சூழ்ந்துகொண்டனர். சில மாதங்களுக்குள் 8 லட்சத்துக்கும் அதிகமானோரின் அடையாள அட்டைகளில் பல்கேரியப் பெயர்கள் ஏறின. இறந்துபோன முன்னோரின் பெயர்கள்கூட மாற்றப்பட்டன. பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்வதும் பொது இடத்தில் துருக்கி மொழி பேசுவதும் தண்டனைக்குரியவையாயின. பக்கத்து நகராட்சியான மொம்சில்கிராதைச் சேர்ந்த உலகப் புகழ்பெற்ற பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோவும் தப்பவில்லை. அவரை 'நவும் ஷலமனோவ்' ஆக்கினார்கள். 1986இல் மெல்போர்ன் போட்டிக்குச் சென்றவர், அங்கிருந்தே துருக்கியில் அடைக்கலம் புகுந்தார்.

1989 மே 19 அன்று ஜெபல் மக்கள் துணிந்து வீதிக்கு வந்தார்கள். போராட்டம் மற்ற பகுதிகளிலும் பரவியது. அரசு அடக்குமுறையை ஏவியதுடன் எல்லையையும் திறந்துவிட்டது. அந்தக் கோடையில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு, நிலம், கால்நடைகளை விட்டுத் துருக்கிக்குச் சென்றனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் திரும்பினர். நவம்பர் 10இல் ஷிவ்கோவ் பதவியிழந்தார். டிசம்பர் 29இல் பெயர்களைத் திருப்பித் தர ஆட்சியாளர்கள் முடிவெடுத்தனர். 2012இல் பல்கேரிய நாடாளுமன்றம் அந்தக் கட்டாய மாற்றத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

பெயர் மீண்டது, போனவர்கள் எல்லோரும் மீளவில்லை. புகையிலை விவசாயம் நலிந்தது. 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் மேற்கு ஐரோப்பாவில் வேலை தேடிச் செல்வதும் எளிதானது. மலைக்கிராமங்கள் பலவற்றில் இன்று முதியவர்களே எஞ்சியிருக்கிறார்கள்.

நாம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம், பள்ளியில் சேர்க்கும்போது அதையே எழுதுகிறோம். அதில் ஒரு தடையும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. அந்த எளிய உரிமைக்காக வீதிக்கு வந்த மக்களை ஜெபல் ஒவ்வோர் ஆண்டும் மே 19இல் நினைவுகூர்கிறது. அன்று அவர்கள் மீட்ட பெயர்களைச் சொல்லி அழைக்க, அந்த 46 கிராமங்களிலும் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதே இன்றைய கவலை.